செஞ்சிறகு யாருடையது? சிற்றினப் பிரிப்பும் தமிழ்ப் பெயரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் பறவை பார்க்கும் வழக்கமுள்ள எட்டுப் பேர், தத்தம் வீட்டில் கிடந்த பழைய குறிப்பேடுகளைக் கொண்டுவந்து ஒன்றுசேர்த்து, தமிழில் ஒரு பறவைப் பட்டியல் தயாரிக்க முற்பட்டோம். பொங்கல் விடுமுறையில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்புக்கு வரும் மாணவர்களுக்குக் கொடுக்க ஒரு மடிப்புத் தாள், பின்னர் ஏரிக்கரையில் வைக்க ஒரு பலகை, இவ்வளவே எங்கள் நோக்கம். தொகுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அந்தப் பட்டியலில் ஒரே பறவை இரண்டு பெயரில் இரண்டு சிற்றினங்களாக நுழைந்துவிட்ட பிழையையும், அதைத் திருத்தப் புகுந்தபோது, ஆங்கிலப் பெயர் மாறும்போதெல்லாம் தமிழ்ப் பெயரும் மாறத்தான் வேண்டுமா என்ற கேள்வி எழுந்து, ஒரு வானம்பாடியின் பெயரில் நாங்கள் இரண்டு மாதம் சிக்கிக்கொண்டதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பிழை நேர்ந்த விதம்

தென்பெண்ணையாற்றின் குறுக்கே உள்ள கே.ஆர்.பி. அணையில், ஒரு ஜனவரிக் காலையில், எங்களில் சிலர் ஒரு கரையிலும் மற்றவர்கள் எதிர்க்கரையிலும் நின்று நீர்ப்பறவைகளை எண்ணினோம். எங்களில் மூத்தவரான ஓய்வுபெற்ற ஆசிரியர், நாற்பது ஆண்டுப் பழக்கத்தில், நீளவாட்டுக் கணக்கு நோட்டில் 'நீ.தா.கோ. 23' என்று எழுதினார். நீலத் தாழைக்கோழி என்பதன் சுருக்கம் அது. எதிர்க்கரையில் நின்ற இளம் ஆசிரியை, அண்மைய ஆங்கிலப் பட்டியலைப் பார்த்துத் தாமே மொழிபெயர்த்து, 'சாம்பல்தலைத் தாழைக்கோழி 19' என்று எழுதினார். இருவரும் பார்த்தது ஒரே கோரைத் திட்டில் மேய்ந்த ஒரே கூட்டத்தை. இரண்டையும் அப்படியே கணினியில் ஏற்றியவன் நான்.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு படம் வைக்க வேண்டும் என்று முடிவு செய்திராவிட்டால் இது வெளிப்பட்டே இருக்காது. சாம்பல்தலைத் தாழைக்கோழிக்குப் படம் கேட்டபோது ஆசிரியை அனுப்பிய படத்தில், ஆகாயத்தாமரை மீது ஒற்றைக் காலில் நின்றபடி, மற்றொரு காலின் நீண்ட விரல்களால் ஒரு கோரைத் தண்டைக் கரும்பு போலப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது ஒரு பறவை. சிவந்த தடித்த அலகு, நெற்றி வரை ஏறிய சிவப்புக் கேடயம், நீல உடல், கழுத்தும் முகமும் மட்டும் சாம்பல் பூசியது போல வெளிறியவை. இதே திட்டில், இதே போல நின்ற ஒரு பறவையின் படத்தை, முந்தைய வாரம்தான் நீலத் தாழைக்கோழி என்ற வரிக்கு எதிரே வைத்திருந்தேன். அன்றிரவு பட்டியல் முழுவதையும் அறிவியல் பெயரை வைத்து மீண்டும் வரிசைப்படுத்திப் பார்த்ததில், இப்படி இரட்டைப் பெயரில் புகுந்தவை மொத்தம் ஏழு என்று தெரிந்தது. இவ்வளவு பறவைகள் நம் மாவட்டத்தில் உண்டு என்று அதற்குள் இரண்டு பள்ளிகளில் மேடையேறிச் சொல்லியும் இருந்தேன்.

ஆங்கிலப் பெயர் ஏன் மாறியது

இதில் இளம் ஆசிரியையின் தவறு ஏதுமில்லை. ஸ்பெயின் முதல் நியூசிலாந்து வரை பரவியிருந்த தாழைக்கோழிகள் யாவும் முன்பு போர்பிரியோ போர்பிரியோ என்ற ஒரே சிற்றினமாகக் கருதப்பட்டன. அவற்றுக்கு ஆங்கிலத்திலும் ஊதாத் தாழைக்கோழி என்ற பொருளில் ஒரே பெயர் இருந்தது. மரபணு ஆய்வுகள் வந்த பிறகு அந்தக் கூட்டம் ஆறாகப் பிரிக்கப்பட்டது. மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியில் உள்ளது ஒன்று, ஆப்பிரிக்காவில் ஒன்று, பிலிப்பைன்ஸில் ஒன்று, தென்கிழக்கு ஆசியத் தீவுகளின் கருமுதுகுக்காரி ஒன்று, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கம் ஒன்று, நம்முடையது ஒன்று. பழைய அறிவியல் பெயர், முதலில் பெயரிடப்பட்ட மேற்கத்தியப் பறவையிடமே தங்கிவிட்டது. நம்முடையது போர்பிரியோ போலியோசெபாலஸ் ஆயிற்று. அந்தச் சொல்லுக்குப் பொருளே சாம்பல்தலை என்பதுதான். ஆங்கிலப் பெயர் அதைத் தழுவி வந்தது.

பிரிப்பு என்பதை எங்கள் வட்டத்தில் யாரும் பிரிப்பு என்று சொல்வதில்லை. 'அது ஸ்பிளிட் ஆயிடுச்சுங்க' என்பதே பேச்சு. மரபணு ஒன்றை மட்டும் பார்த்து இது நடப்பதில்லை. குரல், இறகின் நிறம், உடலளவு, வாழிடம், இரண்டு வகைகள் சந்திக்கும் எல்லையில் கலப்பு நேர்கிறதா இல்லையா என்பவை எல்லாம் எடைபோடப்படுகின்றன. 2010-இல் வெளியான ஒரு முறை, இந்த வேறுபாடுகளுக்கு மதிப்பெண் கொடுத்துக் கூட்டி, 7 வந்தால் தனிச் சிற்றினம் என்று கொள்ளச் சொன்னது. அப்படியும் எல்லாப் பட்டியல்களும் ஒத்துப்போவதில்லை. நம் அண்டங்காக்கையையே ஒரு பட்டியல் தனிச் சிற்றினமாகவும் மற்றொன்று பெரிய கூட்டமொன்றின் துணைச் சிற்றினமாகவும் நெடுங்காலம் வைத்திருந்தன. இந்தச் சிக்கலைக் குறைக்கவே, உலகின் முதன்மையான பறவைப் பட்டியல்களை ஒன்றாக்கி, 2025 ஜூனில் ஏவிலிஸ்ட் என்ற பொதுப் பட்டியல் வெளியிடப்பட்டது. அதில் 11,131 சிற்றினங்கள் உள்ளன.

ஒரு சிற்றினம் இரண்டாகும்போது பழைய பெயர் யாருக்குப் போவது என்பதற்கு வட அமெரிக்கப் பெயர்க்குழு ஒரு நெறி வைத்திருக்கிறது. பிரிந்த இரண்டுக்கும் புதுப் பெயரே கொடுக்க வேண்டும். ஒன்று பரந்த நிலப்பரப்பிலும் மற்றொன்று ஓர் ஓரத்திலும் இருந்தால் மட்டும் பெரியது பழைய பெயரை வைத்துக்கொள்ளலாம். காரணம் எளிது. பழைய பெயரை ஒன்று வைத்துக்கொண்டால், பழைய குறிப்பில் அந்தப் பெயரைக் காண்பவர், அது பிரிவதற்கு முந்தைய முழுக் கூட்டத்தைச் சொல்கிறதா, பிரிந்த பின் மிஞ்சிய பாதியைச் சொல்கிறதா என்று அறிய வழியில்லை.

இந்த நெறியின் அருமை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கமின்றிப் புரியும். 1965-இல் சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்தது. 2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பழைய பெயரை ஒரு பாதி வைத்துக்கொண்டது. எங்கள் மூத்தவரின் 1998 நோட்டில் 'தர்மபுரி மாவட்டம், மஞ்சள் தொண்டைச் சின்னான், பாறைச் சரிவில் இரண்டு' என்று ஒரு வரி இருக்கிறது. அது இன்றைய தர்மபுரியின் வத்தல்மலையா, இன்றைய கிருஷ்ணகிரியின் அஞ்செட்டிப் பக்கமா என்று அவருக்கே நினைவில்லை. மாவட்ட வாரியாகப் பிரித்த எங்கள் பட்டியலில் அந்தச் சின்னான் இன்றும் எந்த மாவட்டத்திலும் உட்காராமல் இருக்கிறது.

மாற வேண்டாத பெயர்கள்

இரட்டைப் பெயரில் வந்த ஏழில் பெரும்பாலானவை எங்களை அதிகம் வருத்தவில்லை. மாங்குயில் ஒன்று. ஐரோப்பிய மாங்குயிலிலிருந்து ஓரியோலஸ் குண்டூ என்ற நம் பறவை பிரிக்கப்பட்டபோது, ஆங்கிலத்தில் அதன் பெயரோடு 'இந்திய' என்ற அடைமொழி சேர்ந்தது. ஐரோப்பியப் பறவை குளிர்காலத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போவது. கிருஷ்ணகிரி மாந்தோப்புக்கு வருவது குண்டூதான். அதை 'இந்தியப் பொன் மாங்குயில்' என்று எழுதுவதால் மாந்தோப்புக் காவல்காரருக்கோ மாணவருக்கோ என்ன கூடுகிறது? அரசவால் ஈப்பிடிப்பான், உண்ணிக்கொக்கு, கூகை ஆகியவற்றின் கதையும் இதுவே. மாட்டின் மேலிருந்து உண்ணி பொறுக்குவது உண்ணிக்கொக்கு. அது கிழக்கத்தியது என்று உலகப் பட்டியல் பிரித்துவிட்டதால் அதன் தொழில் மாறிவிடவில்லை. சங்கப் பாட்டிலேயே கூகை என்று வழங்கிய பறவைக்குக் 'கிழக்கத்தியக் களஞ்சிய ஆந்தை' என்று பெயரிட்டு எங்களில் ஒருவர் அனுப்பியதைப் பார்த்தபோது மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

இங்கேதான் எங்களுக்கு ஒரு வேறுபாடு பிடிபட்டது. உலகின் எந்த மூலையில் உள்ள பறவையையும் மற்றொரு மூலையில் உள்ளதிலிருந்து பிரித்துச் சொல்லும் பொறுப்பை இன்றைய ஆங்கிலப் பெயர் சுமக்கிறது. மாட்ரிட்டில் உள்ள தாழைக்கோழியும் மணிலாவில் உள்ள தாழைக்கோழியும் ஒரே பட்டியலில் வரும்போது, அங்கே அடைமொழி இல்லாமல் முடியாது. தமிழ்ப் பெயர், தமிழ் பேசுவோர் கண்ணில் படும் பறவைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொன்னால் போதும். ஆகவே, ஒரு பிரிப்பினால் உண்டான இரண்டு சிற்றினங்களும் நம் நிலத்தில் கண்ணில் படுபவையாக இருந்தால் மட்டுமே தமிழில் புதுப் பெயர் தேட வேண்டும். ஒன்று மட்டுமே இங்கே இருந்தால், ஆங்கிலம் என்ன சொன்னாலும் பழைய தமிழ்ப் பெயர் அப்படியே நிற்கலாம் என்று முடிவு செய்தோம். இம்முடிவை இளம் ஆசிரியை ஓர் எதிர்வாதத்தோடுதான் ஏற்றார். மாணவர்கள் பின்னாளில் ஆங்கில நூலைத் திறக்கும்போது தடுமாறுவார்களே என்றார் அவர். அந்தத் தடுமாற்றத்தை அறிவியல் பெயர் தீர்க்கட்டும் என்று அப்போது எளிதாகச் சொல்லிவிட்டேன். அதுவும் அவ்வளவு எளிதில்லை என்பது பிறகு தெரிந்தது.

கரட்டுமேட்டு வானம்பாடி

மேற்சொன்ன விதிக்கு அடங்காமல் நின்றது ஒரு பழுப்புக் குருவி. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சமே பெரியது. தடித்த அலகு, குட்டை வால், மார்பில் அடர்ந்த கரும்புள்ளிகள், பறக்கும்போது மட்டும் சிறகில் தெரியும் செம்பழுப்பு. பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையின் இருபுறமும் உள்ள கரடுகளில், கேழ்வரகு அறுத்த தாளிலும், கிளுவை வேலியிலும், மின்கம்பியிலும் இதைப் பார்க்கலாம். எங்கள் நோட்டுகளில் இது செஞ்சிறகு வானம்பாடி, புதர் வானம்பாடி, ஜெர்டன் வானம்பாடி என மூன்று பெயரில் இருந்தது.

முன்னர் இது மிராஃப்ரா அஸ்ஸாமிகா என்ற சிற்றினத்தின் ஒரு பகுதியாக வைக்கப்பட்டிருந்தது. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பெர் ஆல்ஸ்ட்ரோம் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கூட்டத்தை நான்காகப் பிரிக்க வேண்டும் என்று காட்டினார். அவர் பெரிதும் நம்பியது இறகின் நிறத்தைவிடப் பாட்டையும், பாடும்போது பறக்கும் விதத்தையும். வங்காள, அசாமியப் பக்கத்துப் பறவை உயரத்தில் நெடுநேரம் பறந்தபடி, மெல்லிய இரட்டை ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். நம் பறவை ஒரு கல் மீதோ கம்பி மீதோ உட்கார்ந்தபடியே பாடும். அல்லது மர உயரத்துக்கு எழும்பி, சிறகைத் தூக்கி வைத்துக்கொண்டு, காலைத் தொங்கவிட்டு, பாடிக்கொண்டே இறங்கும். பாட்டும் வேறு: வறண்ட, உலோக ஓசை கலந்த, வேகமாக அதிரும் ஒரே நீண்ட நடுக்கம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இதற்கு அஃபினிஸ் என்ற சிற்றினப் பெயரும், ஜெர்டனின் பெயரால் ஓர் ஆங்கிலப் பெயரும் நிலைத்தன.

தமிழில் இதன் பழைய பெயரான செஞ்சிறகு, அஸ்ஸாமிகாவின் பழைய ஆங்கிலப் பெயரிலிருந்து வந்த மொழிபெயர்ப்பு. அது அப்படியே நிற்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். வங்காளத்துப் பறவை இங்கே வரப்போவதில்லையே. ஆனால் தக்காணத்தில் இதோடு நிலத்தைப் பகிர்ந்துகொள்ளும் இன்னொரு புதர் வானம்பாடி இருக்கிறது. அதன் அறிவியல் பெயரான எரித்ரோப்டெராவுக்குப் பொருளே செஞ்சிறகு. அதன் சிறகில் செம்பழுப்பு இன்னும் அதிகம். ஆங்கிலத்தில் முன்பு ஒன்றைச் செம்பழுப்புச் சிறகு என்றும் மற்றொன்றைச் செஞ்சிறகு என்றும் இரு வேறு சொற்களால் பிரித்து வைத்திருந்தார்கள். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் இரண்டையுமே செஞ்சிறகு ஆக்கிவிட்டார்கள். ஆக, நாங்கள் தேடிய சிக்கல் 1998-இன் பிரிப்பினால் வந்ததன்று. பிரிப்புக்கு முன்பே தமிழில் இருந்து, பிரிப்பு பற்றிப் பேசப்போய் வெளியே வந்தது.

ஜெர்டன் என்ற பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்று மூத்தவர் வாதிட்டார். தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் சென்னை மாகாணத்தில் படை மருத்துவராக இருந்தவர். 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகளைப் பற்றி மூன்று பகுதிகளாக நூல் வெளியிட்டவர். அதில் பல பறவைகளுக்குத் தமிழ், தெலுங்குப் பெயர்களையும் கேட்டு எழுதி வைத்தவர். நம் ஊர்ப் பெயரை மதித்தவரின் பெயரை நாமே எடுப்பது முறையா என்பது அவர் கேள்வி. அது மறுக்கத்தக்க வாதமன்று. மறுபுறம், அமெரிக்கப் பறவையியல் கழகம் 2023 நவம்பரில், அமெரிக்கா, கனடா நாடுகளில் மனிதர் பெயரால் வழங்கும் பறவைப் பெயர்கள் அனைத்தையும் மாற்றுவது என்று அறிவித்திருப்பதை ஆசிரியை எடுத்துக் காட்டினார். அங்கே நடக்கும் வழக்கு அடிமைமுறையும் நிலப்பறிப்பும் சார்ந்த வேறொரு வழக்கு. அதை இங்கே இழுத்து வர எனக்கு மனமில்லை. ஜெர்டன் நல்லவரா இல்லையா என்பதைவிட, பென்னாகரத்திலிருந்து வரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தச் சொல் பறவையைப் பற்றி எதையும் சொல்லவில்லை என்பதே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

தென்னிந்தியப் புதர் வானம்பாடி என்ற பெயரை நான்தான் முன்வைத்தேன். ஒரே நாளில் அது விழுந்தது. இலங்கையிலும் வாழும் பறவைக்கு, அங்கேயும் தமிழ் பேசுவோர் இருக்கையில், நம் கரையோடு நிறுத்தி ஒரு பெயர் வைப்பது எப்படி? முன்னாளில் ஆங்கிலத்தில் வழங்கிய மதராஸ் வானம்பாடி என்பதும் இதனாலேயே தள்ளுபடி ஆயிற்று.

அடுத்த வாரம் பறவையிடமே போனோம். கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த மே மாதக் காலை. துரிஞ்சி மரங்கள் தளிர்விட்டிருந்த கரட்டில், ஒரு பாறை மேல் உட்கார்ந்து அது பாடிக்கொண்டிருந்தது. பாடும்போது தொண்டை இறகுகள் சிலிர்த்து, உடம்பே ஒரு சின்ன இயந்திரம் போல அதிர்ந்தது. பாட்டு மெல்லத் தொடங்கி, கூடிக்கொண்டே போய், வெட்டினாற்போல் நின்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் ஆசிரியை, "இந்தக் குருவிக்கு என்ன பேருங்க ஐயா?" என்று கேட்டார்.

"அதுக்குன்னு தனியாப் பேரெல்லாம் இல்லீங்கம்மா. சிட்டுதான். மழை பேஞ்சுதுன்னா வெட்டுக்கிளியாட்டம் கத்திக்கிட்டே கெடக்கும்" என்றார் அவர்.

பெயர் கேட்கப் போய்ப் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் பறவையின் அடையாளம் கிடைத்தது. ஆல்ஸ்ட்ரோம் எதைக் கொண்டு பிரித்தாரோ, அதையேதான் பெரியவரும் சொன்னார். வறண்ட நடுக்க ஒலி என்ற குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, கிலுகிலுப்பையை நினைத்து, 'கிலுக்கு வானம்பாடி' என்று எழுதிப் பார்த்தோம். தக்காணத்தின் மற்ற வானம்பாடி மெல்லத் தொடங்கி நீண்ட சீழ்க்கையில் முடிப்பது. அதை யாரும் கிலுக்கு என்று சொல்ல மாட்டார்கள். இந்த அளவில் பெயர் பிரித்துக் காட்டும் வேலையைச் செய்கிறது.

வானம்பாடி என்ற பின்பாதியை ஒருவர் கேள்விக்குள்ளாக்கினார். கல்மேல் உட்கார்ந்து பாடுவதை வானம்பாடி என்பது எப்படிப் பொருந்தும்? இதற்கு மூத்தவர் தந்த விடை எங்களுக்குப் பிடித்திருந்தது. தமிழில் வானம் என்பது மழையும்தான். திருக்குறளில் வான்சிறப்பு மழையின் சிறப்பு. மழைத்துளியை வேண்டிப் பாடும் பறவை என்றே சங்கப் பாடல்கள் வானம்பாடியைச் சொல்கின்றன. மழை பெய்ததும் கரட்டில் கத்தும் இந்தச் சிட்டுக்கு அந்தப் பெயர் எவ்வகையிலும் பொருந்தாமல் போகவில்லை.

இடையில் ஒரு நாள், நம் மொழிச் சொல்லே ஆங்கிலப் பெயராகும் வாய்ப்பு உண்டா என்ற பேச்சு வந்தது. உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டுப் பறவைகள் இரண்டுக்கு 2017-இல் ஷோலிகோலா என்ற புதுப் பேரினம் அமைக்கப்பட்டபோது, அவற்றின் ஆங்கிலப் பெயரிலேயே சோலைக்கிளி என்ற சொல் ஏறியது. அதே ஆய்வில் வந்த சிரிப்பான்களுக்கு மலையாளத்தின் சிலப்பன் என்ற சொல் வழங்கலாயிற்று. மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகப் பறவை. தமிழ்ப் பிள்ளைகள் சோலைக்கிளி என்று கேட்டதும் பச்சைக்கிளியைத் தேடுகிறார்கள். வெட்டுக்கிளியை மட்டும் எப்படிச் சரியாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். அந்த விவாதம் தேநீரோடு முடிந்துவிட்டது.

விசிறிவாலும் கதிர்க்குருவியும்

விசிறிவாலைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேடிக்கை உண்டு. வெண்தொண்டை விசிறிவால் என்று வழங்கிய பறவை, இமயப் பக்கத்தது ஒன்றும் நம்முடையது ஒன்றுமாகப் பிரிந்தது. வெண்தொண்டை என்ற ஆங்கிலப் பெயரை இமயத்துப் பறவை கொண்டுபோக, நம்முடையதை ஓர் ஆங்கிலப் பட்டியல் வெண்புள்ளி விசிறிவால் என்றும், மற்றொன்று புள்ளிமார்பு விசிறிவால் என்றும் எழுதின. பிரிந்த பின்பும் நம் பறவையின் தொண்டை வெண்மையாகத்தான் இருக்கிறது. அதன் அறிவியல் பெயரான அல்போகுலாரிஸுக்கும் வெண்தொண்டை என்பதே பொருள். இமயத்துப் பறவை தமிழ்நாட்டுக்கு வராது. ஆகவே வெண்தொண்டை விசிறிவால் எங்கள் தாளில் மாறாமல் நின்றது. இங்கே உள்ள மற்றொரு விசிறிவாலான வெண்புருவத்திலிருந்து பிரித்தறிய அது போதும்.

கதிர்க்குருவிதான் எங்களைத் தோற்கடித்தது. குளிர்காலத்தில் மேலகிரிக் காடுகளுக்கும் வத்தல்மலைக்கும் வலசை வரும் இலைக் கதிர்க்குருவிகளில், ட்ரோகிலாய்டெஸ் என்ற கூட்டத்திலிருந்து நிட்டிடஸ் தனிச் சிற்றினமாகப் பிரிக்கப்பட்டது. இரண்டும் தென்னிந்தியாவுக்கு வருபவை. எங்கள் விதிப்படி இங்கே புதுப் பெயர் கட்டாயம் தேவை. ஆங்கிலத்தில் ஒன்று 'பச்சை', மற்றொன்று 'பச்சை போன்றது'. இதைத் தமிழில் பச்சைக் கதிர்க்குருவி என்றும் பச்சைச் சாயல் கதிர்க்குருவி என்றும் எழுதினால், மரத்தின் உச்சிக் கிளையில் இலையோடு இலையாக ஓடும் பறவையை அண்ணாந்து பார்க்கும் மாணவர் எதைச் சொல்வார்? நிட்டிடஸின் அடிவயிற்றில் மஞ்சள் சற்றுக் கூடுதல் என்பது கையில் பிடித்தவருக்கு உதவும். குரலில் ஒன்று இரண்டு அசையாகவும் மற்றொன்று பெரும்பாலும் மூன்று அசையாகவும் கூப்பிடும். ஈரசைக் கதிர்க்குருவி, மூவசைக் கதிர்க்குருவி என்று யாப்பிலக்கணம் போல ஒரு யோசனையும் வந்தது. எனக்கு அது பிடிக்கும். ஆனால் எங்களில் அந்த அசையைக் காட்டில் உறுதியாகக் கேட்டுச் சொல்லக்கூடியவர் இருவர்தான்.

தாளில் செய்த மாற்றங்கள்

திருத்திய தாளில் ஒவ்வொரு பறவைக்கும் வழங்கும் பெயர் ஒன்று, அறிவியல் பெயர், பழைய குறிப்புகளில் உள்ள மற்றப் பெயர்கள் ஆகியவை தனித்தனிக் கட்டத்தில் உள்ளன. இந்த மூன்றாம் கட்டம்தான் பிழைக்கு மருந்து. யார் எந்தப் பெயரில் எழுதிக் கொடுத்தாலும் அது ஒரே வரியில் போய்ச் சேரும். அறிவியல் பெயரை மட்டும் நம்பியிருக்க முடியவில்லை என்று முன்னர் குறிப்பிட்டதன் காரணம் இதுதான்: நாங்கள் தாளை முடிக்கும் தறுவாயில், நம் புதர் வானம்பாடிகள் மிராஃப்ரா என்ற பேரினத்திலிருந்து ப்ளோசியலாடா என்ற வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டிருப்பதைக் கவனித்தோம். அஃபினிஸ் என்ற பின்பாதி மட்டும் தப்பியது. ஆகவே பழைய அறிவியல் பெயர்களையும் மூன்றாம் கட்டத்திலேயே எழுதி, எந்த ஆண்டுப் பட்டியலைப் பின்பற்றினோம் என்பதைத் தாளின் அடியில் குறித்தோம். மாவட்டம் என்ற கட்டத்தில், 2004-க்கு முந்தைய குறிப்புகளுக்கு 'பழைய தர்மபுரி' என்று எழுதுவதும் அப்போது ஏற்பட்ட வழக்கம்.

கிலுக்கு வானம்பாடியைப் பொறுத்தவரை, எட்டுப் பேர் கூடி வைத்தது இன்னும் பெயர் ஆகிவிடவில்லை என்பதை நான் உணர்ந்தே இருக்கிறேன். மாணவர்களோடு கரட்டுக்குப் போன முதல் நாள், ஒலியைக் கேட்டதும் தாளைப் பார்க்காமலே மூன்று பேர் பறவையைச் சரியாகக் காட்டினார்கள். அவர்களில் ஒருத்தி தன் நோட்டில் 'கிலுக்கான்' என்று எழுதியிருந்தாள். அதையும் மூன்றாம் கட்டத்தில் சேர்த்தாயிற்று. மூத்தவர் இன்றுவரை ஜெர்டன் வானம்பாடி என்றுதான் எழுதிக் கொடுக்கிறார். அதனால் கணக்கு எதுவும் கெடவில்லை.

ஏரிக்கரைப் பலகை மட்டும் திருத்தத்துக்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. எனாமல் பெயின்ட்டில் நீலத் தாழைக்கோழியும் சாம்பல்தலைத் தாழைக்கோழியும் ஒன்றன்கீழ் ஒன்றாக அதில் இருக்கின்றன. பெயின்டர் வரும் நாளில் இரண்டாவதை அழிக்கச் சொல்லியிருக்கிறோம். கதிர்க்குருவிகளுக்கு எதிரே மடிப்புத் தாளில் ட்ரோகிலாய்டெஸ், நிட்டிடஸ் என்ற இரண்டு வரிகளை அச்சிட்டு, தமிழ்ப் பெயருக்கான கட்டத்தை இரண்டிலும் காலியாக விட்டிருக்கிறோம்.